டி.பி. (தென்கொரியத் தொடர்)

டி.பி. 2021-ல் நெட்ஃப்ளிக்ஸ் தளத்தில் வெளியான தென்கொரியத் தொடர். கட்டாய இராணுவச் சேவையில் இளம் சிப்பாய்கள் தங்கள் மூத்தவர்களால் அனுபவிக்கும் வதைகளைப் பேசுகிறது. டி.பி. என்பது ‘டெஸர்ட்டர் பர்சூட்’ என்பதன் சுருக்கம். முகாமிலிருந்து தப்பி ஓடிய சிப்பாய்களைத் தேடிப் பிடித்துக்கொண்டுவரும் இராணுவக் காவல் பிரிவைக் குறிக்கும். கிம் போ-டோங் எழுதிய இணையச் சித்திரக்கதையை அடிப்படையாகக் கொண்டு ஹான் ஜுன்-ஹீ இயக்கினார். இரண்டாம் பருவம் 2023-ல் வெளியானது. முகாம் வதையில் அடிப்பவனுக்கு எவ்வளவு பங்கு உண்டோ, பார்த்துக்கொண்டு நின்றவனுக்கும் அதற்குச் சற்றும் குறையாத பங்கு உண்டு என்பதே இந்தத் தொடரின் மையக் கருத்து. முதல் பருவம் இதில் வெற்றி பெறுகிறது. இரண்டாம் பருவம் ஓரளவு தடம் மாறுகிறது.

பின்புலம்

தென்கொரியாவில் உடல்தகுதி உள்ள எல்லா ஆண்களும் இராணுவச் சேவை செய்தாக வேண்டும். இன்று தரைப்படையில் சேவைக்காலம் 18 மாதங்கள். தொடரின் கதை நடக்கும் 2014-ல் அது 21 மாதங்களாக இருந்தது. இந்தக் காலத்தில் ஒரு சிப்பாய் இபியோங், இல்பியோங், சாங்பியோங், பியோங்ஜாங் என்று நான்கு படிகள் ஏறுகிறான். ஏறுவதற்குத் தனித்திறமை வேண்டியதில்லை, மாதங்கள் கடந்தால் போதும். ஒரே வயதினரான இளைஞர்களிடையே, யார் எந்த மாதம் படையில் சேர்ந்தார் என்பதே யார் யாருக்குப் பணிய வேண்டும் என்பதைத் தீர்மானிக்கிறது. ஒரே அறையில் உண்டு, உறங்கி, இரவும் பகலும் ஒன்றாகக் கழிக்கும் இடத்தில் இந்தப் பணிவுக்கு ஓய்வு நேரம் கிடையாது.

தமிழ் வாசகர்களுக்குக் கல்லூரி ராகிங் தெரிந்த விஷயம். தமிழ்நாட்டில் 1997-ல் அதற்கெதிராகத் தனிச் சட்டமே கொண்டுவரப்பட்டது. இரண்டுக்கும் ஒரு முக்கியமான வேறுபாடு உண்டு. ராகிங் தாங்க முடியாத மாணவன் விடுதியைக் காலி செய்யலாம், படிப்பையே விட்டுவிட்டு வீட்டுக்குப் போகலாம். கட்டாயச் சேவைச் சிப்பாய் முகாமை விட்டு வெளியேறினால் அது குற்றம். அவனைப் பிடிக்க ஆள் அனுப்புவார்கள். டி.பி. தொடரின் கதை தொடங்குவது இந்த இடத்தில்தான்.

இந்த நோய் கொரியாவுக்கு மட்டும் உரியதல்ல. சோவியத் படையில் இதற்கு ‘தெதோவ்ஷ்சினா’ என்று பெயர். தாத்தாக்களின் ஆட்சி என்று பொருள் கொள்ளலாம். சேவை முடியும் தறுவாயில் இருக்கும் சிப்பாய்களே அங்கே ‘தாத்தாக்கள்’. அதற்கு எதிராகச் சிப்பாய்களின் தாய்மார்கள் 1989-ல் அமைப்பாகத் திரண்டார்கள். ரஷ்யா 2008-ல் சேவைக்காலத்தை ஓராண்டாகக் குறைத்தது. மூத்தவர், இளையவர் என்ற இடைவெளி சுருங்கினால் வதையும் குறையும் என்ற எண்ணம் அதற்கான காரணங்களில் ஒன்று.

உண்மை நிகழ்வுகள்

தொடரின் கதைக்களமாக 2014 தேர்ந்தெடுக்கப்பட்டதற்குக் காரணம் உண்டு. அந்த ஆண்டு ஏப்ரலில், 28-ஆம் தரைப்படைப் பிரிவின் மருத்துவ அறை ஒன்றில் பணியாற்றிய யூன் என்ற இளம் சிப்பாய், வாரக்கணக்கில் நீடித்த வதைக்குப் பின் மூத்த சிப்பாய்களால் அடித்துக் கொல்லப்பட்டார். உணவு மூச்சுக்குழாயில் அடைத்துக்கொண்டதால் மரணம் என்றே முதலில் சொல்லப்பட்டது. அதே அறையில் நோயாளியாகப் படுத்திருந்த ஒரு சிப்பாய் தாம் கண்டதைச் சொன்னார். இராணுவ மனித உரிமை மையம் என்ற தன்னார்வ அமைப்பு ஜூலை இறுதியில் முழு விவரங்களையும் வெளியிட்டது. நாடு கொந்தளித்தது. தரைப்படைத் தலைமைத் தளபதி ஆகஸ்டில் பதவி விலகினார். வழக்கு கொலை வழக்காக மாற்றப்பட்டு, 2016-ல் முதன்மைக் குற்றவாளிக்கு 40 ஆண்டுச் சிறைத்தண்டனை உறுதி செய்யப்பட்டது.

அதே 2014 ஜூனில், எல்லைக்காவலில் இருந்த 22-ஆம் பிரிவில் ஒரு சிப்பாய் தன் சக சிப்பாய்கள் 5 பேரைச் சுட்டுக்கொன்றார். இதற்கு முன்னரும் இத்தகைய நிகழ்வுகள் உண்டு. 2005-ல் 28-ஆம் பிரிவின் எல்லைக்காவல் நிலை ஒன்றில் 8 பேரும், 2011-ல் கங்வா தீவின் கடற்படை வீரர் முகாமில் 4 பேரும் சக சிப்பாயால் கொல்லப்பட்டனர். தொடரின் கடைசிக் காட்சிகளைப் பார்க்கும் கொரியப் பார்வையாளருக்கு இவை எல்லாம் நினைவுக்கு வரும்.

உருவாக்கம்

மூலக்கதையை எழுதிய கிம் போ-டோங் தம் இராணுவச் சேவையின்போது டி.பி. பிரிவில் பணியாற்றியவர். ‘போ-டோங்’ என்பது புனைபெயர். கொரிய மொழியில் ‘சாதாரணம்’ என்று பொருள். தொடரின் திரைக்கதையை அவரும் இயக்குநர் ஹான் ஜுன்-ஹீயும் சேர்ந்து எழுதினார்கள். சித்திரக்கதையில் நாயகன் ஏற்கெனவே அனுபவம் பெற்ற சிப்பாய். தொடரில் அவன் புதிதாகச் சேர்ந்த கடைநிலைச் சிப்பாயாக மாற்றப்பட்டான். இதனால் பார்வையாளரும் அவனோடு சேர்ந்தே முகாமுக்குள் நுழைகிறார். வதையை அடிமட்டத்திலிருந்து, அடி வாங்குபவன் நிற்கும் இடத்திலிருந்து காண முடிகிறது. தொடருக்காகச் செய்யப்பட்ட மாற்றங்களில் மிகச் சிறந்தது இது.

அன் ஜுன்-ஹோவாக ஜங் ஹே-இன், ஹான் ஹோ-யோலாக கூ கியோ-ஹ்வான், ஜோ சோக்-போங்காக ஜோ ஹ்யுன்-சோல் நடித்தனர். 2022-ல் பெக்சாங் கலை விருதுகளில் சிறந்த தொடருக்கான விருது டி.பி.க்கும், சிறந்த துணை நடிகருக்கான விருது ஜோ ஹ்யுன்-சோலுக்கும் கிடைத்தன.

கதைச்சுருக்கம்

தாயை அடிக்கும் தந்தையைப் பார்த்து வளர்ந்த ஏழை இளைஞன் அன் ஜுன்-ஹோ. இராணுவக் காவல் பிரிவில் சேர்க்கப்படுகிறான். அங்கே ஹ்வாங் ஜாங்-சூ என்ற மூத்த சிப்பாயின் ஆட்சி நடக்கிறது. இளையவர்களைச் சுவரோரம் நிறுத்தித் தள்ளுவது அவன் வழக்கம். தலை மோதும் இடத்தில் ஓர் ஆணி நீட்டிக்கொண்டிருக்கும். ஜுன்-ஹோவின் தாய் எழுதிய கடிதத்தை எல்லோர் முன்னிலையிலும் படித்துக்காட்டி அவர்களுடைய வறுமையைக் கேலி செய்கிறான்.

ஜுன்-ஹோ டி.பி. பணிக்குத் தேர்ந்தெடுக்கப்படுகிறான். முடி வளர்த்து, சாதாரண உடையில் ஊருக்குள் சுற்றித் தப்பியவர்களைத் தேட வேண்டும். முதல் தேடலிலேயே தவறு நேர்கிறது. தேடலுக்குக் கொடுத்த பணத்தில் தன் மூத்தவனுடன் குடித்துக்கொண்டிருந்த இரவில், அவர்கள் தேட வேண்டிய ஷின் ஊ-சோக் தன் உயிரை மாய்த்துக்கொள்கிறான். அந்தக் குற்ற உணர்வு ஜுன்-ஹோவை விட்டு அகல்வதில்லை. அடுத்து ஹான் ஹோ-யோலுடன் சேர்ந்து வேறு வேறு சிப்பாய்களைத் தேடுகிறான். குறட்டை விட்டதற்காக இரவெல்லாம் வதைக்கப்பட்டவன் ஒருவன். வீடு இடிக்கப்படும் நிலையில் உள்ள பாட்டிக்காக ஓடியவன் இன்னொருவன்.

கடைசி இரண்டு பகுதிகள் ஜோ சோக்-போங்கின் கதை. சேவைக்கு முன் குழந்தைகளுக்கு ஓவியம் கற்பித்தவன். சாந்தமானவன். பாலியல் அவமதிப்பு உட்பட எல்லாவற்றையும் அனுபவித்த பின், ஓரிரவு அவனே இளையவர்களை அடிக்கிறான். பிறகு தப்பி ஓடி, சேவை முடித்து வீடு திரும்பிவிட்ட ஹ்வாங் ஜாங்-சூவைத் தேடிக் கடத்துகிறான். சுற்றி வளைக்கப்பட்டதும் தன்னைத்தானே சுட்டுக்கொள்கிறான். அவனுடைய நண்பன் கிம் ரூ-ரி வேறொரு முகாமில் துப்பாக்கியைத் தூக்குவதோடு முதல் பருவம் முடிகிறது.

மதிப்பீடு

தொடரின் முதல் சிறப்பு வதையாளனைப் படைத்திருக்கும் விதம். ஹ்வாங் ஜாங்-சூ முகாமில் ஒரு குட்டி அரசன். சேவை முடிந்து வெளியே வந்ததும் ஒரு கடையில் சம்பளத்துக்கு வேலை பார்க்கிறான். கடைக்காரர் திட்டும்போது தலைகுனிந்து நிற்கிறான். அந்தக் காட்சி ஒரு நிமிடமே வந்தாலும், அவனிடம் இருந்த அதிகாரம் அவனுடையதாக இருந்ததே இல்லை என்பதைக் காட்டிவிடுகிறது. அது அவன் சேர்ந்த மாதம் அவனுக்குக் கடன் கொடுத்த அதிகாரம். ஏன் அப்படிச் செய்தாய் என்று சோக்-போங் கேட்கும்போது, செய்தால் யாரும் கேட்கமாட்டார்கள் என்று நினைத்ததாகவே அவனால் பதில் சொல்ல முடிகிறது. பழிவாங்க வந்தவனுக்கு ஓர் அரக்கன்கூடக் கிடைக்கவில்லை.

இரண்டாவது சிறப்பு, பாதிக்கப்பட்டவனைப் புனிதனாக்காமல் விட்டது. சோக்-போங் இளையவர்களை அடிக்கும் காட்சி பார்ப்பவரைச் சங்கடப்படுத்துகிறது. வதை ஒருவனிடமிருந்து அடுத்தவனுக்குக் கைமாறும் விதம் அதில் தெரிகிறது. அடிபட்டவன் மூத்தவனானதும் அடிப்பான் என்பதுதான் இந்த ஏணியின் ஒப்பந்தம். சோக்-போங் அந்த ஒப்பந்தத்துக்குள் நுழைந்த கணத்தில்தான் உடைந்துபோகிறான்.

இதே கருத்தை 2005-ல் யூன் ஜோங்-பின் தம் மாணவர் திரைப்படமான ‘மன்னிக்கப்படாதவன்’ படத்தில் கையாண்டார். முகாமின் அநியாய வழக்கங்களை எதிர்த்து நிற்கும் ஓர் இளைஞன், தானும் மூத்தவனாகும்போது தனக்குக் கீழே வந்த ஒருவனைக் காப்பாற்ற முடியாமல் அழிகிறான். அந்தப் படத்தில் துரத்தல் இல்லை, சண்டை இல்லை, நகைச்சுவையும் குறைவு. இராணுவத்தின் அனுமதியைப் பெறுவதற்காக மாற்றுத் திரைக்கதையைக் காட்டியதாக இயக்குநர் மீது இராணுவம் சினம் கொண்டது. அப்படம் 2006 கான் திரைப்பட விழாவிலும் திரையிடப்பட்டது. டி.பி.யுடன் ஒப்பிட்டால், மனித மனத்துக்குள் ஆழமாக இறங்குவது அந்தப் படமே. டி.பி. அந்த உண்மையைப் பல மடங்கு அதிகமானவர்களிடம் கொண்டுபோய்ச் சேர்த்தது.

மூன்றாவது, பார்த்து நின்றவர்கள். முதல் பருவத்தின் ஆறாம் பகுதியின் தலைப்பே ‘வேடிக்கை பார்த்தவர்கள்’ என்று பொருள்படுவது. இறந்துபோன ஷின் ஊ-சோக் நல்லவன், உழைப்பாளி என்று ஆறுதலாகச் சொல்லப்படும்போது அவனுடைய சகோதரி ஒரே ஒரு கேள்வி கேட்கிறாள். அவ்வளவு நல்லவன் வதைபடும்போது ஏன் பார்த்துக்கொண்டே நின்றீர்கள்? தொடரில் யாரும் இதற்குப் பதில் சொல்வதில்லை. ஜுன்-ஹோவுக்கும் பதில் இல்லை. சோக்-போங் அடிபட்ட இரவுகளில் அவனும் அதே அறையில்தான் இருந்தான். நாயகனையும் இந்தக் கேள்விக்கு உட்படுத்தியது தொடரின் நேர்மை. சிப்பாய்களைப் பிடிக்கும் காவல் பிரிவிலேயே மிகக் கொடிய வதை நடக்கிறது என்ற கதையமைப்பும் இதே நோக்கத்துக்கு உதவுகிறது. யாரிடம் முறையிட வேண்டுமோ அவர்களே செய்கிறார்கள். மேலதிகாரிகள் விஷயம் வெளியே போகாமல் பார்த்துக்கொள்கிறார்கள்.

யூன் வழக்கின் உண்மை இங்கே நினைக்கத்தக்கது. அங்கும் பலர் பார்த்தார்கள், நோயாளியாகக் கிடந்த ஒருவர் வாய் திறந்தார். அவர் பேசியிராவிட்டால் அது ஒரு விபத்தாகவே கோப்பில் முடிந்திருக்கும்.

குறைகள்

முதல் பருவத்தின் பெரிய குறை அதன் சுவாரசியம். ஹோ-யோலின் நகைச்சுவையும் இரட்டையர் துப்பறியும் பாணியும் பார்வையாளருக்கு மூச்சு விட இடம் தருகின்றன. அதே சமயம் ஒரு கேள்வியைப் பின்னுக்குத் தள்ளிவிடுகின்றன. பிடிபட்டவன் எங்கே திரும்பிப் போகிறான்? எந்த அறையிலிருந்து ஓடினானோ அதே அமைப்புக்குள்தான். குறட்டைக்காக வதைக்கப்பட்ட சிப்பாய் கண்டுபிடிக்கப்பட்டதும் அந்தப் பகுதி ஒரு நல்ல முடிவைப் போல முடிகிறது. அவனைப் பொறுத்தவரை அது முடிவு இல்லை.

பெண் கதைமாந்தர்கள் தாயாகவும் சகோதரியாகவும் காதலியாகவும் மட்டுமே வருகிறார்கள். கேள்வி கேட்கும் உரிமை அவர்களுக்கு இருக்கிறது, அதற்குமேல் அவர்களுக்கென்று வாழ்க்கை இல்லை.

இரண்டாம் பருவத்தின் குறை வேறு வகை. துப்பாக்கிச்சூட்டுக்குப் பிறகு கதை மேலே ஏறுகிறது. இராணுவத் தலைமையகத்தின் சட்டப் பிரிவுத் தலைவர் ஒருவர் எதிர்நாயகனாகிறார். உண்மைகளை மறைக்கும் கோப்புகள், அவற்றைக் கைப்பற்றும் போராட்டம், ஓடும் இரயிலில் ஜுன்-ஹோ தனியாளாகப் பலரை எதிர்த்துச் சண்டையிடும் காட்சி, இறுதியில் நீதிமன்றம் என்று செல்கிறது. அரசே பொறுப்பேற்க வேண்டும் என்ற வாதம் சரியானது. வதையால் இறந்தவர்களின் குடும்பங்கள் ஆண்டுக்கணக்கில் போராடுவது அதற்காகத்தான். ஆனால் கலைப்படைப்பாகப் பார்க்கும்போது இழப்பு ஒன்று உண்டு. மேலே ஒரு வில்லன் உட்கார்ந்ததும் கீழே அறையில் இருந்தவர்கள் விடுதலை ஆகிவிடுகிறார்கள். முதல் பருவத்தில் பார்வையாளர் தன்னையே கேட்டுக்கொண்ட கேள்வியை இரண்டாம் பருவத்தில் வேறொருவரை நோக்கி நீட்ட முடிகிறது. அது வசதியானது, ஆகவே பலவீனமானது. அன்றைய அடிபட்டவன் ஜுன்-ஹோ, சண்டைப்பட நாயகனாக மாறுவதும் இதே வசதியின் இன்னொரு முகம்.

தாக்கம்

முதல் பருவம் வெளியானபோது தென்கொரியாவில் அது வெறும் பொழுதுபோக்காகப் பார்க்கப்படவில்லை. சேவை முடித்த ஆண்கள் தங்கள் முகாம் நினைவுகளைப் பொதுவெளியில் எழுதினர். குடியரசுத் தலைவர் தேர்தலை ஒட்டிய காலம் என்பதால் அரசியல் தலைவர்களும் தொடரைக் குறிப்பிட்டுப் பேசினர். முகாம்களின் சூழல் மாறிவருகிறது என்று பாதுகாப்பு அமைச்சகம் விளக்கம் தந்தது.

மாற்றங்கள் நடந்தது உண்மை. சிப்பாய்களின் உரிமைகளையும் கடமைகளையும் வரையறுக்கும் சட்டம் 2016-ல் நடைமுறைக்கு வந்தது. வதையைக் கண்டவர் தெரிவிக்க வேண்டும் என்பதை அச்சட்டம் கடமையாக்கியது. 2019 முதல் வேலை நேரத்துக்குப் பின் கைபேசி பயன்படுத்த அனுமதி கிடைத்தது. வீட்டோடு பேச முடிந்த சிப்பாய் முன்போல் தனியாக இல்லை. 2021-ல் விமானப்படைப் பெண் சிப்பாய் ஒருவர் பாலியல் வன்முறைக்குப் பின் உயிரிழந்ததை அடுத்து, இராணுவத்துக்குள் நடக்கும் பாலியல் குற்றங்களும் மரணத்துக்குக் காரணமான குற்றங்களும் 2022 ஜூலை முதல் பொது நீதிமன்றங்களுக்கு மாற்றப்பட்டன. அதே மாதம் தேசிய மனித உரிமை ஆணையத்தில் இராணுவ மனித உரிமைக் காப்பாளர் பொறுப்பும் உருவானது. தப்பியவர்களைப் பிடிக்கக் கட்டாயச் சேவைச் சிப்பாய்களை அனுப்பும் டி.பி. முறையும் 2022-ல் கைவிடப்பட்டது. இம்மாற்றங்களில் பல தொடருக்கு முன்பே தொடங்கியவை. தொடரால் மட்டும் நடந்தவை என்று கூற முடியாது.

2024 மே மாதம் 12-ஆம் பிரிவில், தண்டனைப் பயிற்சியாக முழுச் சுமையுடன் ஓட வைக்கப்பட்ட பயிற்சிச் சிப்பாய் ஒருவர் சுருண்டு விழுந்து இறந்தார். அப்பயிற்சியைக் கட்டளையிட்டது மூத்த சிப்பாய் அல்ல, அதிகாரி. ஏணியின் கீழ்ப்படிகளைச் சீர்செய்தாலும் மேற்படிகளில் ‘ஒழுக்கம்’ என்ற பெயரில் அதே வதை தொடரக்கூடும் என்பதை இந்நிகழ்வு காட்டியது.

தொடரில் சோக்-போங் தன் தண்ணீர்க் குடுவையைப் பற்றிக் குறிப்பிடும் இடம் உண்டு. அதில் 1953 என்று பொறித்திருக்கிறது. கொரியப் போர் ஓய்ந்த ஆண்டு. குடுவையைக்கூட மாற்றாதவர்கள் வேறு எதை மாற்றப்போகிறார்கள் என்பது அவனுடைய நம்பிக்கையின்மை. அதன் பின் வந்த சட்டங்கள் அவன் நினைத்ததற்கு மாறாகச் சிலவற்றை மாற்றியிருக்கின்றன. கண்டவர் பேச வேண்டும் என்று சட்டத்தில் எழுதலாம். பேசிய பின் அவர் அன்றிரவு அதே அறையில் அச்சமின்றி உறங்க முடியுமா என்பதே சட்டம் வேலை செய்கிறதா என்பதற்கான சோதனை. டி.பி. முதல் பருவத்தின் மதிப்பு, அந்தச் சோதனையைத் தளபதிகளிடம் மட்டும் விடாமல் பக்கத்துப் படுக்கையில் விழித்துக்கொண்டே கண்ணை மூடிக் கிடந்தவனிடமும் வைத்ததில் இருக்கிறது.